சல்லடையின் இரு புறமும்

தமிழ் கற்பிப்பவனுக்கு உணவுச் சட்டத்தில் என்ன வேலை என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, சங்க கால உணவு முறைகளைப் பற்றி எழுதித் தருவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். தினைச் சோற்றைப் பற்றியும் தேறலைப் பற்றியும் நம் மாணவர்கள் வேண்டிய அளவு படித்துத் தேர்வும் எழுதிவிட்டனர். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயரிட்டுவிட்டு அதில் உணவைப் பற்றியே மிகுதியும் பேசுகிறார். அவர் காலத்து மனிதன் தன் உணவு எந்த நிலத்தில் விளைந்தது என்று அறிந்தவன். எப்போது உண்பது, எவ்வளவு உண்பது என்பவற்றையே அவன் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இன்றோ நம் உணவில் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு எவ்வளவு இருக்கலாம் என்பதை ரோமிலும் பிரஸ்ஸல்ஸிலும் புதுதில்லியிலும் கூடும் குழுக்கள் தீர்மானிக்கின்றன. அம்முடிவு, ஒரு கிலோவுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்னும் சிறு எண்ணாக நம்மிடம் வந்து சேர்கிறது. அத்தகைய எண் ஒன்றின் வரலாற்றை, நான் பிறந்து வளர்ந்த மண்ணின் விளைபொருள் ஒன்றைக் கொண்டு சொல்ல விழைகிறேன்.

அப்பொருள் நிலக்கடலை. எங்கள் தென்னார்க்காட்டுப் பக்கத்தில் இப்பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கு அது மல்லாட்டை. மணிலாக் கொட்டை என்பதே நாவில் தேய்ந்து மல்லாக்கொட்டையாகிப் பின் மல்லாட்டை ஆயிற்று. தென்னமெரிக்காவில் தோன்றிய செடி, பிலிப்பைன்ஸின் தலைநகரைப் பெயரில் சுமந்துகொண்டு எங்கள் செம்மண் காட்டில் வேர்விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எங்கள் பகுதிக் கடலை புதுச்சேரித் துறையில் கப்பலேறிப் பிரான்ஸின் மார்சேல் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. உழவர்கள் இன்றும் ‘டி.எம்.வி.’ என்று சொல்லும் விதை ரகங்களின் முதலெழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பன. ஆகவே உலக வணிகம் என்பது எங்கள் ஊர்க்கு நேற்று வந்த புதுமையன்று.

என் அத்தா கடலை உடைக்கும் ஆலை ஒன்றில் கணக்கெழுதி வந்தார். 1970-களின் இறுதியில், பள்ளி விடுமுறை நாள்களில் பகலுணவுத் தூக்கை எடுத்துச் செல்லும் வேலை என்னுடையது. எந்திரம் தோலை உடைத்துத் தள்ளும். பருப்பு சல்லடைகளில் இறங்கிப் பருமன் வாரியாகப் பிரியும். அதன்பின் நீண்ட கொட்டகையில் நாற்பது ஐம்பது பெண்கள் முறத்துடன் அமர்ந்து ஒவ்வொரு பருப்பாகப் பார்ப்பார்கள். சூம்பியது, முளை விட்டது, தோல் கறுத்தது, பூஞ்சை படிந்தது எல்லாம் ஒரு கூடைக்கு. திரண்டு செந்நிறமாய் மினுங்குவது மறு கூடைக்கு. பின்னதற்கு வணிகத்தில் ‘எச்.பி.எஸ்.’ என்று பெயர். ‘ஹேண்ட் பிக்டு அண்டு செலக்டட்’ என்பதன் சுருக்கம். கையால் பொறுக்கித் தேர்ந்தது என்று பொருள். ஓர் அவுன்ஸ் எடைக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதைக் கொண்டு 60/70, 70/80 என்று சாக்கின்மேல் எழுதுவார்கள். அந்தக் கை எவருடைய கை என்பது சாக்கில் இராது.

பொறுக்கி ஒதுக்கியதற்குக் ‘கழிவு’ என்று பெயர். பெயர்தான் கழிவு, அதில் ஒரு பருப்பும் குப்பைக்குப் போனதில்லை. பெரும்பகுதி எண்ணெய் ஆலைக்குச் சென்றது. சிறு பகுதியைப் பொறுக்கும் பெண்களே மலிவாக வாங்கிச் சென்று வறுத்துத் துவையல் அரைத்தனர். வேகவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். எங்கள் தெருவில் குடியிருந்த மூதாட்டி ஒருவரும் அக்கொட்டகையில் வேலை செய்தவர். நல்ல பருப்பை விட்டு இதை ஏன் எடுத்துப் போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “அது சீமைக்குப் போறது தம்பி, நம்ம வயித்துக்கு இது போதும்” என்றார். அவர் சொன்னதில் வருத்தம் சிறிதும் தொனிக்கவில்லை. நாள்தோறும் நடப்பதைச் சொல்வது போலவே சொன்னார்.

சீமைக்காரர் அவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அது 1960-இல் இங்கிலாந்தில் தொடங்குகிறது. அவ்வாண்டு அந்நாட்டுப் பண்ணைகளில் வான்கோழிக் குஞ்சுகள் திடீரெனத் தீனி மறுத்து, சிறகு தளர்ந்து, சில நாள்களில் செத்து விழுந்தன. மாண்டவை ஒரு லட்சத்துக்கும் மேல். நோய் இன்னதென்று தெரியாமையால் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயரிட்டனர். தொற்று நோய்க்குரிய கிருமி எதுவும் அகப்படவில்லை. தீனியைத் துருவியபோது பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் குற்றம் இருப்பது புலனாயிற்று. அதில் வளர்ந்திருந்த ‘அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்’ என்னும் பூஞ்சை ஒரு நச்சைச் சுரந்திருந்தது. அப்பூஞ்சைப் பெயரின் எழுத்துகளையே கோத்து அந்நச்சுக்கு ‘அஃப்ளடாக்சின்’ என்று பெயர் வைத்தனர். புற ஊதா ஒளியில் அது நீலமாகவும் பச்சையாகவும் ஒளிர்ந்தது. நீலமாய் ஒளிர்வது ‘பி’ வகை, பச்சையாய் ஒளிர்வது ‘ஜி’ வகை. இவற்றுள் கொடியது பி-1.

இந்நச்சுக்கு மணமில்லை, சுவையில்லை. பூஞ்சையைத் துடைத்துவிட்டாலும் அது பருப்புக்குள் தங்கும். அடுப்பில் வறுப்பதாலும் கொதிநீரில் வேகவைப்பதாலும் அது முற்றும் அழிவதில்லை. காய் முதிரும் பருவத்தில் மழை பொய்த்து வெப்பம் மிகுந்தால் மண்ணுக்குள்ளேயே பூஞ்சை புகும். அறுவடைக்குப்பின் சரிவர உலர்த்தாமல் ஈரத்தோடு மூட்டை கட்டினாலும் புகும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1987-இல் இதனை மனிதர்க்குப் புற்றுநோய் தருவனவற்றின் முதல் வரிசையில் சேர்த்தது. தாக்குமிடம் கல்லீரல். ‘ஹெபடைடிஸ் பி’ நுண்கிருமி உடலில் உள்ளவர்க்கு, அஃது இல்லாதவரைவிட, இந்நச்சால் நேரும் கேடு ஏறத்தாழ முப்பது மடங்கு என்று வல்லுநர் கணித்துள்ளனர். ஒரே கடலை ஒருவனுக்குச் சிறு கேடாகவும் இன்னொருவனுக்குப் பெருங்கேடாகவும் அமைகிறது. ஏழை நாடுகளில் இரண்டும் ஒருங்கே கூடுவதே வழக்கம்.

இத்தகைய பொருளைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எவ்வளவுக்குமேல் கூடாது என்பதில்தான் வழக்கு. இவ்வழக்கைத் தீர்க்கும் மன்றங்களுள் முதன்மையானது ‘கோடெக்ஸ் அலிமென்டேரியஸ்’ ஆணையம். இலத்தீனில் உணவு நெறி நூல் என்று பொருள்படும் இப்பெயர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியப் பேரரசு தொகுத்த உணவுத் தர ஏட்டிலிருந்து பெற்றது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனமும் உலக நல நிறுவனமும் இணைந்து அமைத்த இவ்வாணையம் 1963-இல் ரோம் நகரில் முதன்முதலாகக் கூடியது. இன்று 180-க்கு மேற்பட்ட நாடுகள் இதில் உறுப்பு வகிக்கின்றன. பாலில் இருக்கத்தக்க மருந்தெச்சம் முதலாக, பொட்டலத்தின்மேல் ‘ஹலால்’ என்னும் சொல்லை எவ்வாறு வழங்குவது என்பது ஈறாக (இதற்கான நெறி 1997-இல் வகுக்கப்பட்டது) அது தொடாத பொருள் அரிது. முதலில் அதன் சொல் அறிவுரையாகவே இருந்தது. 1995 சனவரி முதல் நாள் உலக வணிக அமைப்புடன் உணவு நலம் பற்றிய ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்தபின் அவ்வறிவுரைக்கு வலு ஏறிற்று. கோடெக்ஸ் அளவைப் பின்பற்றும் நாட்டின்மீது பிறர் குறை சொல்ல இயலாது; அதனினும் கடுமையான அளவை வைக்கும் நாடு அறிவியல் காரணம் காட்ட வேண்டும்.

மேற்பதனத்துக்குச் செல்லும் நிலக்கடலையில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் வரை அஃப்ளடாக்சின் இருக்கலாம் என்று கோடெக்ஸ் 1999-இல் வகுத்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு கூறு. அமெரிக்கா வைத்திருப்பது 20. ஐரோப்பிய ஒன்றியமோ, நேரே உண்ணும் கடலைக்கு மொத்தம் 4 என்றும், அதில் பி-1 வகை 2-க்கு மேற்படலாகாது என்றும் 1999 முதல் கட்டளையிட்டது. நம் நாட்டின் பழைய உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 30 வரை இடங்கொடுத்தது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அது குறைந்தது. இப்போது மேற்பதனத்துக்குச் செல்லும் பருப்புக்கு 15, நேரே உண்பதற்கு 10.

ஐரோப்பாவின் எண் வந்தபோது பெரும் பூசல் எழுந்தது. உலக வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர் மூவர் 2001-இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். கோடெக்ஸ் அளவை விட்டு ஐரோப்பா தன் கடுமையான அளவைக் கொள்வதால் ஆப்பிரிக்க நாடுகளின் தானிய, உலர்பழ, கொட்டை ஏற்றுமதி ஆண்டுக்கு 67 கோடி டாலர் குறையும். அதனால் ஐரோப்பாவில் காக்கப்படும் உயிர்களோ நூறு கோடிப் பேருக்கு ஆண்டுக்கு இரண்டுக்கும் குறைவு. ‘நூறு கோடியில் இருவரைக் காத்தல்’ என்று பொருள்படும் தலைப்புடன் வெளிவந்த அக்கட்டுரை, பணக்கார நாடுகளின் நயவஞ்சகத்துக்குச் சான்றாக எங்கும் எடுத்தாளப்பட்டது. மேடைக்கு உகந்த வாதம், கைதட்டல் உறுதி. ஆயினும் 2012-இல் வேறு இருவர் மெய்யாக நடந்த வணிகத்தை எடுத்து ஆராய்ந்தபோது, ஐரோப்பிய விதியால் ஆப்பிரிக்க நிலக்கடலை ஏற்றுமதி குறிப்பிடத்தக்க அளவு குன்றியதாகக் காண இயலவில்லை. தடை சுங்கச் சாவடியில் இருந்ததைவிட, உள்நாட்டு விளைச்சலிலும் தரத்திலும் இருந்தது மிகுதி என்பது அவர்தம் கருத்து.

இருதரப்பு வாதங்களையும் படித்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. இரண்டும் ஐரோப்பியன் வாய்க்குச் செல்லும் கடலையையே நிறுத்துப் பார்க்கின்றன. ஒன்று அவன் உயிரை எண்ணுகிறது. மற்றொன்று நம் வருவாயை எண்ணுகிறது. திருப்பி அனுப்பப்பட்ட மூட்டையை எவன் உண்டான் என்னும் கேள்வி இரண்டிலும் நடுவிடம் பெறவில்லை.

அக்கேள்விக்குரிய விடை நம் நாட்டு மண்ணிலேயே ஒருமுறை எழுதப்பட்டது. 1974-இல், இராசத்தானத்தின் பான்ஸ்வாடா மாவட்டத்திலும் குசராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும் பில் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்களில் ஒரு நோய் பரவியது. கண்ணும் தோலும் மஞ்சளித்தன. வயிற்றில் நீர் கோத்தது. அவ்வாண்டு அறுவடைக் காலத்தில் பருவம் தப்பிய மழை பெய்து மக்காச்சோளம் நனைந்திருந்தது. உலர்த்த இடமின்றி வீட்டில் குவித்து வைத்து, பூஞ்சை பிடித்த அதையே அம்மக்கள் நாள்தோறும் உண்டனர். வேறு தானியம் வாங்க வழியில்லை. அவர்கள் இட்டதை உண்ட நாய்களும் செத்தன. ஐதராபாதிலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனத்தின் அறிவியலாளர்கள் சென்று ஆராய்ந்து 397 பேர் நோயுற்றதையும் 106 பேர் இறந்ததையும் பதிவு செய்தனர். அச்சோளத்தில் கிலோவுக்கு ஆறாயிரம் முதல் பதினைந்தாயிரம் மைக்ரோகிராம் வரை அஃப்ளடாக்சின் இருந்தது. 2004-இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் அதே சோளம், அதே பூஞ்சை. 317 பேர் நோயுற்று 125 பேர் மாண்டனர்.

அம்மக்கள் உண்டது தம் நிலத்தில் தாமே விளைத்தது. அது எந்தச் சோதனைச் சாலையின் வாயிலையும் மிதிக்கவில்லை. துறைமுகத்தில் நிற்கும் தரநிலை, கடந்து செல்லும் பொருளைத்தான் பார்க்கும். கடவாமல் வீட்டிலேயே நின்றுவிடும் பொருளைப் பார்க்க அதற்குக் கண்ணில்லை.

மீண்டும் எங்கள் ஊர்க் கழிவுக் கூடைக்கு வருவோம். நிலக்கடலையில் இந்நச்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஆயிரம் பருப்பில் ஒன்றிரண்டு மட்டும் கெட்டிருக்கும். ஆனால் அவ்வொன்றிரண்டில் நச்சு குவிந்திருக்கும். அவையும் பெரும்பாலும் சூம்பியவை, சிதைந்தவை, நிறம் மாறியவை. ஆகவே அப்பெண்களின் கண்ணும் விரலும் செய்த வேலை அறிவியல் ஒப்பும் வேலையே. இன்று அதையே ஒளிக்கருவி பொருத்திய எந்திரங்கள் செய்கின்றன. பொறுக்கியபின் நல்ல கூடையில் நச்சு குறையும். குறைந்தது அழிந்து போவதன்று; மறு கூடையில் செறிகிறது. ஏற்றுமதித் தரம் உயர உயர, கழிவின் நஞ்சும் செறிவுறும். சல்லடைக்கு இரண்டு புறம் உண்டு என்பதைத் தரச் சான்றிதழ் எழுதுவோர் ஒரு புறத்தில் மட்டுமே நின்று பார்க்கின்றனர்.

அக்கழிவு ஆலையில் ஆட்டப்படும்போது நச்சின் பெரும்பகுதி எண்ணெயில் இறங்காமல் புண்ணாக்கிலேயே நின்றுவிடுகிறது. எண்ணெயில் இறங்கும் சிறு பகுதியும் ஆலைச் சுத்திகரிப்பில் நீங்கும். சுத்திகரியாத எண்ணெயில் ஓரளவு தங்கும். மரச்செக்கு எண்ணெய்க்கு அண்மையில் நம் நகரங்களில் பெருமதிப்பு வந்திருக்கிறது. நானும் அதன் மணத்துக்கு அடிமைதான். ஆட்டுவதற்கு எடுத்த பருப்பு எத்தகையது என்பதைப் பொறுத்தே அதன் நன்மை. புண்ணாக்கைப் பசு தின்கிறது. பி-1 நச்சைப் பசுவின் கல்லீரல் ‘எம்-1’ என்னும் வேறு வடிவாக்கிப் பாலில் விடுகிறது. ஆங்கிலத்தில் பாலைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தே அந்த ‘எம்’. பசு தின்றதில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை, மிகுதியாகக் கறக்கும் மாட்டில் அதனினும் கூடுதலாக, ஒரு நாளுக்குள் மடியில் வந்துவிடும். காய்ச்சினாலும் அது போவதில்லை.

பாலுக்குக் கோடெக்ஸும் இந்தியாவும் வைத்துள்ள அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பா வைத்திருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு. இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிலை ஆணையம் 2018-இல் நாடெங்கும் 6432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, அடுத்த ஆண்டு முடிவை வெளியிட்டது. பாலில் கலப்படம் என்றால் நாம் தண்ணீரையும் சோப்புத் தூளையும் நினைத்து அஞ்சுகிறோம். அந்த அச்சத்துக்குக் காரணமான கலப்படம் மிக அரிதாகவே காணப்பட்டது. மாறாக 368 மாதிரிகளில், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ ஆறில், எம்-1 நச்சு அளவை மீறியிருந்தது. மாநில வரிசையில் முதலில் நின்றது தமிழ்நாடு: 551 மாதிரிகளில் 88. தீவனத்தின் வழியாகவே இது பாலுக்கு வருகிறது என்று ஆணையமே குறிப்பிட்டது.

இவ்வெண்ணைச் செய்தித்தாளில் கண்ட நாளில் எனக்கு அக்கொட்டகை மூதாட்டியின் நினைவு வந்தது. கழிவு தம் பேரப்பிள்ளைகளின் வயிற்றுக்கு மட்டும் போகிறது என்று அவர் எண்ணியிருந்தார். பாலின் வழியாக அது கணக்கர் வீட்டுக்கும் ஆலை முதலாளி வீட்டுக்கும் வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

செய்யத்தக்கது இல்லாமலில்லை. காயைப் பிடுங்கிய உடனே செடியைக் கவிழ்த்துக் காய் வெயிலைப் பார்க்குமாறு பரப்பி உலர்த்தல்; ஈரம் நூற்றுக்கு எட்டுப் பங்குக்குக் கீழ் இறங்கியபின் மூட்டை கட்டல்; உடைக்கும்போது தோல் எளிதில் கழலவேண்டும் என்று நீர் தெளிக்கும் வழக்கத்தை ஒழித்தல். இவை எல்லாம் வேளாண் துறையினர் நெடுநாளாகச் சொல்லி வருபவை. ஐதராபாதை அடுத்த பட்டான்சேருவிலுள்ள இக்ரிசாட் நிறுவனம் இந்நச்சை மலிவாகச் சோதிக்கும் முறையையும் உருவாக்கியுள்ளது. ஆனால் நனைந்த காய்க்கும் உலர்ந்த காய்க்கும் மண்டியில் விலை வேறுபாடு சொற்பமாக இருக்கும்வரை, எடை குறையுமளவு உலர்த்து என்று உழவனிடம் சொல்வது அவனை நட்டப்படச் சொல்வதாகும். வெளிநாட்டு வணிகன் தரத்துக்கு விலை கொடுக்கிறான். உள்நாட்டில் நாம் எடைக்கு மட்டும் விலை கொடுக்கிறோம்.

நம் கல்லூரியின் வேதியியல் துறை நண்பரிடம், உள்ளூர்ச் சந்தைக் கடலையை மாணவர்களைக் கொண்டு சோதிக்கலாமே என்றேன். நச்சு சமமாகப் பரவாத பொருளாதலால் ஒரு கைப்பிடியைச் சோதித்து ஒன்றும் சொல்ல இயலாது என்றும், கோடெக்ஸ் முறைப்படி ஒரு மாதிரிக்கு 20 கிலோ எடுத்து முழுவதையும் அரைத்துக் கலக்க வேண்டும் என்றும் அவர் விளக்கினார். “இருபது கிலோவை எங்கள் வீட்டு மிக்ஸியிலா அரைப்பது?” என்றும் கேட்டார். பாலாயின் அத்தொல்லை இல்லை. கலங்கிய நீர்மமாதலால் சிறு மாதிரியே போதும். ஆகவே பாலிலிருந்தே தொடங்கலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது எண்ணெய் ஆலை நடத்தும் பழைய பள்ளித் தோழர் ஒருவரைப் பார்த்தேன். புண்ணாக்குக்கு நச்சுச் சோதனை செய்வதுண்டா என்று கேட்டேன். “பருப்பு ஏற்றுமதி பண்றவங்க கேப்பாங்க, அதுக்குச் சீட்டு வாங்கித் தருவோம். புண்ணாக்குக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல” என்றார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே பால் பண்ணைக்காரர் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, அன்றைய சரக்கின் விலையைக் கேட்டுவிட்டு மூட்டைகளை ஏற்றத் தொடங்கினார்.